சுவரில் ஓதம் ஏறினால் முதலில் மாடிவீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்

குடியேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. படுக்கையறை அலமாரியை நகர்த்தித் துடைக்கும்போது, பின்சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி நின்றது. விரலால் அழுத்தினேன். உடைந்து, ஈர மணலும் வெள்ளை உப்புமாகக் கொட்டியது. வாங்கும்போது இதே சுவர் பளிச்சென்று இருந்தது. புதுப் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டோம். வீடு முழுக்கப் பழைய பெயின்ட் இருக்க, இந்த ஒரு சுவருக்கு மட்டும் ஏன் புதுசு என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்று மாலையே மாடிக்குப் போய்க் கத்திவிட்டு வந்தேன். என் சுவருக்கு நேர் மேலே அவர்கள் குளியலறை, வேறு எங்கிருந்து தண்ணீர் வரும் என்று எனக்கு அவ்வளவு உறுதி. கதவைத் திறந்தவர் தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா. "உள்ள வந்து பாருங்க தம்பி, ஒரு சொட்டு நிக்குதான்னு" என்றார். நான் உள்ளே போகவே இல்லை. நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, தண்ணீர் அவர் வீட்டிலிருந்து வரவில்லை என்று. எல்லா வீட்டுக் கழிவுநீரும் இறங்கும் பொதுக் குழாயில் ஓர் இணைப்பு விட்டிருந்தது. அந்த நான்கு மாதமும் அவர் என்னிடம் பேசவில்லை. ஆன செலவைவிட அதுதான் இன்றும் மனதை உறுத்துகிறது.

குறை எங்கிருந்து வருகிறது? அந்த இடம் யாருடையது? யார் பணம் கொடுக்க வேண்டும்? இந்த மூன்றையும் இதே வரிசையில் கேளுங்கள். நம்மில் பலர் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறோம், உடனே சண்டை வந்துவிடுகிறது.

கை வைப்பதற்கு முன்

முதலில் எதையும் சரிசெய்யாதீர்கள். சுரண்டிப் பட்டி பார்த்துவிட்டால் உங்களிடம் இருக்கும் ஆதாரமும் போய்விடும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, அதன்மேலேயே தேதி எழுதுங்கள். வாரம் ஒரு முறை ஈரம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்து, தாண்டியிருந்தால் புதுக் கோடு. என் சுவரில் ஐந்து கோடுகள், ஒன்றுக்கு வெளியே ஒன்றாக. அதுவரை "எல்லா வீட்லயும் இருக்கறதுதான் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் சங்கச் செயலாளர், அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் நேரில் வந்தார்.

விரிசலுக்கும் இதே முறைதான். இரண்டு முனையிலும் குறி, தேதி. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக ஓடும் மயிரிழை விரிசல், பெரும்பாலும் இரண்டு பொருளும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, குறியைத் தாண்டி நீண்டுகொண்டே போனால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கூரைக் கான்கிரீட்டில் பழுப்புக் கறை தெரிந்தாலும் அப்படியே. துரு, அது பிடித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்துக்கும் உள்ளே விட்டுப்போன இடத்துக்கும் சத்தம் மாறும். பொத்தென்று கேட்கிற இடத்துக்கு அடியில் கட்டில் போடாதீர்கள்.

ஊற்றைத் தேடுவது

சுவர் ஈரமாக இருக்கிறது என்பதாலேயே கசிவு என்று முடிவு கட்ட முடியாது. ஈரமான இடத்தைத் துடைத்து, ஒரு முழம் சதுரத்துக்கு அலுமினியத் தாளோ தடித்த பிளாஸ்டிக்கோ வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அறைப்பக்கம் நீர்த்துளி நின்றால் அது அறைக் காற்றின் ஈரம், குளிர்ந்த சுவரில் படிகிறது. ஜன்னலைத் திறந்துவிட்டு, அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தாலே பாதி சரியாகும். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

அப்புறம் நேரத்தைக் கவனியுங்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் கோடு நகர்ந்தால் வெளிச்சுவர், ஜன்னல் ஓரம், மொட்டைமாடி என்று தேடலாம். மழையே இல்லாமல் இரவும் பகலும் ஒரே வேகத்தில் பரவினால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படுங்கள். தனி மீட்டர் இருந்தால் இரவில் எல்லாக் குழாயையும் மூடி, எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் சந்தேகப்படும் குளியலறையின் வால்வை இரண்டு நாள் மூடி வைத்து, பக்கெட் தண்ணீரில் சமாளிக்கச் சொல்லலாம். ஈரம் விட்டு விட்டு வந்தால், அதாவது காலைக் குளியல் நேரம் முடிந்த பிறகு மட்டும் வந்தால், கழிவுநீர்க் குழாய் அல்லது குளியலறைத் தளம்.

தளத்தைச் சோதிக்க, கழிவுநீர்த் துளையை அடைத்து, 2.5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டி, நிற்கும் மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் விட வேண்டும். சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். கம்பி தெரியும் அளவுக்கு உடைந்த தளத்தில் இதைச் செய்யவே கூடாது.

எங்கள் சிக்கலைத் தீர்த்தது சாயம்தான். மாடி அம்மா வீட்டுக் குளியலறையில் சிவப்பு, அவருக்கும் மேல் வீட்டில் பச்சை. தண்ணீரில் கரையும் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். சிவப்பு வரவே இல்லை. பச்சை மறுநாள் காலை என் சுவரின் மேல் ஓரத்தில் மெல்லிய கீற்றாக இறங்கியிருந்தது. அம்மா வீட்டுக் குழாய் பொதுக் குழாயோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலேதான் இணைப்பு விட்டிருந்தது. அதனால் அவர் வீட்டுத் தண்ணீர் கசியாமல் இறங்கிப் போக, மேல் வீட்டுத் தண்ணீர் மட்டும் குழாயின் வெளிப்புறமாக வழிந்து என் சுவருக்குள் புகுந்திருக்கிறது. கறை தெரிகிற இடம் வேறு, ஊற்று வேறு. டைல்ஸுக்கு அடியில் இருக்கும் மணல் சிமென்ட் படுகையிலும் தண்ணீர் இப்படித்தான் ஓடி, எங்கோ ஒரு துளை கிடைக்கிற இடத்தில் இறங்கும்.

அந்தப் பச்சைக் கீற்றைப் பார்த்ததும் முதலில் மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிளம்பரைக் கூப்பிட்டது அப்புறம்தான்.

அந்த இடம் யாருடையது

அடுக்குமாடியில் மூன்று வகை இடம் உண்டு. உங்கள் வீட்டின் உள்பகுதி உங்களுடையது. அஸ்திவாரம், தூண், படிக்கட்டு, பொதுக் குழாய் எல்லாருடையது. மூன்றாவது வகையில்தான் தகராறு அதிகம்: பொதுவுக்குச் சொந்தமாக இருந்து, ஒருவர் மட்டும் அனுபவிக்கும் இடம். பால்கனி, கார் நிறுத்துமிடம், கடைசி மாடிக்காரர் பயன்படுத்தும் மொட்டைமாடிப் பகுதி இதில் வரலாம். எது எதில் சேரும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஒரே ஊரில் கட்டடத்துக்குக் கட்டடமும் மாறும். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரம், சங்கத்தின் துணைவிதிகள், அனுமதி பெற்ற வரைபடம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விற்பனையாளர் வாயால் சொன்னது இங்கே செல்லாது. குழாய் விஷயத்தில் ஒரு பொது வழி உண்டு: ஒரு வீட்டுக்கு மட்டும் உதவும் குழாய் அந்த வீட்டுக்காரருடையது, பல வீட்டுக்கு உதவுவது பொதுவானது. துணைவிதி வேறு மாதிரி சொன்னால் துணைவிதிதான்.

சிங்கப்பூரின் கட்டடப் பராமரிப்புச் சட்டம், கீழ்வீட்டுக் கூரையில் கசிவு என்றால் வேறு ஆதாரம் இல்லாதவரை மேல்வீட்டுக் குறை என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அங்கே மேல்வீட்டில் இருப்பவருக்குச் சாயச் சோதனை இன்னும் முக்கியம், ஏனென்றால் அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில்.

விற்றவரிடமும் கட்டியவரிடமும்

காலக்கெடுவை உடனே பாருங்கள். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14(3)இன்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால் கட்டியவர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். பிரான்சில் கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் குறைக்கு 10 ஆண்டுப் பொறுப்பு உண்டு. ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிய பழைய வீட்டுக்கு இவ்வளவு பாதுகாப்பு கிடைப்பது அரிது. ஆனால் தெரிந்தே மறைத்திருந்தால் கதை வேறு. இந்தியாவின் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆகவே "அவருக்குத் தெரியும்" என்பதற்கான தடயத்தைத் தேடுங்கள். சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகம், பழைய புகார்க் கடிதம், பிளம்பரின் பழைய பில். எங்கள் சங்கத்துக் குறிப்புப் புத்தகத்தில், நான் வாங்குவதற்கு ஒன்றரை வருடம் முன்பே, என் வீட்டு எண்ணைப் போட்டு "சுவர் ஈரம் பற்றிப் பேசப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துத்தான் விற்றவருக்குக் கடிதம் அனுப்பினேன். போனில் மூன்று முறை எடுக்காதவர், உள்பக்கப் பூச்சுச் செலவில் பாதியைத் தர ஒப்புக்கொண்டார்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். எப்போது கண்டீர்கள், என்ன சோதனை செய்தீர்கள், என்ன கேட்கிறீர்கள், எத்தனை நாளுக்குள். கோபத்தையெல்லாம் வேறு எங்காவது எழுதிக் கிழித்துப் போடுங்கள்.

எல்லாருடையது என்றால் எல்லாரும் கொடுக்க வேண்டும்

பொதுக் குழாயை மாற்றவும் மொட்டைமாடிக்கு நீர்த்தடுப்பு பூசவும் கூட்டம் போட்டோம். தரைத்தளத்துக்காரர் எழுந்து, "மழை பெஞ்சா எனக்கு என்ன சார், நான் கீழ இருக்கேன்" என்றார். நான் சட்டம் பேச வாயெடுத்தேன். அதற்குள் மாடி அம்மா சொன்னார்: "அஸ்திவாரம் உங்க வீட்டுக்கு அடியிலதான் இருக்கு சார். நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா நாங்க தர மாட்டோம்னு சொல்ல முடியுமா?" அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இந்த வாதத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள், எந்தக் கூட்டத்திலும் செல்லும்.

செலவைப் பிரிப்பது வீட்டுக்கு ஒரே தொகையா, சதுர அடிக் கணக்கா, நிலப் பங்கின் கணக்கா என்பதை வேலை ஆரம்பிக்கும் முன்பே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குறைந்தது மூன்று பேரிடம் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். பட்டியல் வேறு வேறாக இருந்தால் விலையை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

நிலத்தில் உங்களுக்குள்ள பிரிபடாத பங்கையும், அதாவது எல்லாருக்கும் பொதுவான மனையில் உங்கள் பெயருக்கு எழுதிய சதவீதத்தையும், இப்போதே சரிபாருங்கள். எட்டு வீட்டுப் பத்திரத்தையும் வாங்கி நான் கூட்டிப் பார்த்தபோது 96 சதவீதம்தான் வந்தது. மீதி 4 சதவீதம் கட்டியவர் பெயரிலேயே கிடந்தது. மேலே இன்னொரு தளம் எழுப்பவோ, இடித்துக் கட்டும் நாளில் பங்கு கேட்கவோ அது வழி விடும். ஒரு வீட்டுக்காரர் தனியாகக் கேட்டால் பதில் கிடைக்காது, சங்கமாக வழக்கறிஞர் மூலம் கேட்க வேண்டும். கார் நிறுத்துமிடத்துக்குத் தனியாக விலை வாங்கியிருந்தாலும் விசாரியுங்கள். தூண்களுக்கு இடையிலான திறந்த தரைத்தள நிறுத்துமிடம் பொது இடம், கட்டியவர் அதைத் தனியாக விற்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வீட்டையே இரண்டு பேர் சேர்ந்து வாங்கியிருந்தால் அது வேறு தலைவலி. யாருக்கு எத்தனை பங்கு, தவணை யார் கட்டுவது, ஒருவர் விலக நினைத்தால் மற்றவர் எந்த விலைக்கு வாங்கலாம், ஒருவர் இறந்தால் பங்கு மற்றவருக்கா வாரிசுக்கா, எல்லாவற்றையும் உறவு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

கடைசியில் வேலை. குழாயை மாற்றியதும் சுவரை மூட விடாதீர்கள். திறந்த நிலையிலேயே மறுபடி சாயத் தண்ணீர் விட்டு, 24 மணி நேரம் பார்த்து, படம் எடுத்த பிறகுதான் சிமென்ட். உப்பேறிய பூச்சை ஈரம் தெரியும் இடத்தோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு முழம் தள்ளியே கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உப்பு மறுபடி ஈரத்தை இழுத்துப் பெயின்ட்டைத் தள்ளும். புதுப் பூச்சிலும் பென்சில், தேதி. ஒரு மாதம் ஓதம் எங்கும் தலைகாட்டவில்லை என்றால் பெயின்ட் வாங்கக் கிளம்புங்கள்.