கப்பல் கூலி எந்த மாதக் கணக்கில் விழ வேண்டும்?

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒரு மாடி அறையில் இருந்து வெளிநாட்டுக் கப்பல்களின் கணக்கை எழுதுகிறேன். மென்பொருளில் புது விதி போடும்போது, வருமானம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அந்த விதியில் வருமானம் தொடங்கும் நாளாக, சரக்கு ஏற்றத் தொடங்கும் நாளைக் கொடுங்கள். வருமானத்தை எப்போது கணக்கில் எடுப்பது என்று சொல்லும் சர்வதேசக் கணக்கு நியமமான ஐஎஃப்ஆர்எஸ் 15, 2018இல் நடைமுறைக்கு வந்த பிறகு, ஏற்றுவதில் இருந்து இறக்கி முடியும் வரைதான் பயணக் கூலியைப் பிரிக்கிறோம். ஒருமுறை முந்திய பயணத்தில் சரக்கு இறக்கிய நாளைக் கொடுத்துவிட்டேன். கப்பல் வெறுமையாக ஓடிய நாட்களுக்கும் வருமானம் ஏறிவிட்டது. திருத்த இரண்டு இரவு போனது.

மார்ச் 20 ஏற்றி ஏப்ரல் 8 இறக்கினால் 20 நாள். கூலி 400,000 டொலர் என்றால், மார்ச்சின் 12 நாளுக்கு 240,000. இன்வொய்ஸ் போட முன்னரே மாத முடிவில் இப்படி வருமானமாகப் போடும் பதிவு, அடுத்த மாதம் 1ஆம் திகதி எதிர்ப்பதிவால் தானாக நீங்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் இன்வொய்ஸ் போடும்போது வருமானம் இரட்டிக்கும்.

எரிஎண்ணெய் வாங்கியதும் கையிருப்புக்குப் போகட்டும். கப்பலில் இருந்து மதியந்தோறும் வரும் அறிக்கையில் எரிந்ததாகச் சொல்லும் தொன் மட்டுமே செலவு.

சரி, பிறகு ஒரு பழைய பயணத்தை மென்பொருளின் பரீட்சைப் பிரதியில் ஓடவிட்டு, பற்றையும் வரவையும் வடிவாகப் பாருங்கள்.