சைனாடவுன் பேக்கரிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த புதிதில் ஆறு மாதம் போல, சைனாடவுன் என்கிற சீனர் பேட்டையில் இருக்கிற ஸ்டாக்டன் தெரு பேக்கரிகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு அப்படியே நடையைக் கட்டியிருக்கிறேன். உள்ளே ஒரே கூட்டம், பலகையில் பாதி சீன எழுத்து, கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நிற்கிற அம்மா எல்லோரையும் அதட்டுவதுபோல ஒரு குரல். நமக்கு எதற்கு வம்பு என்று வேறு எங்கேயாவது ஆறு டாலர் கொடுத்து ஒரு காபி குடித்துவிட்டு வருவேன். அந்த ஆறு டாலருக்குச் சூடாக இரண்டு பன் வாங்கி மீதிச் சில்லறையும் பார்த்திருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அது அதட்டல் இல்லை, அவசரம். காலை எட்டு மணிக்கு நம்மூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மாஸ்டரை நிறுத்தி வைத்து "அண்ணே, இந்த வடையில் என்னென்ன போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அதே குரல்தான் வரும். என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, காசையும் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதற்கான வழிதான் இது.

படி 1: சரியான தெருவுக்குப் போங்கள்

சுற்றுலா வருகிறவர்கள் எல்லோரும் புஷ் தெரு முனையில் இருக்கிற டிராகன் வாசலில் படம் எடுத்துவிட்டு கிராண்ட் அவென்யூவில் ஏறிப் போவார்கள். அங்கே விளக்குத் தோரணமும் பொம்மைக் கடைகளும் அதிகம். அதற்கு இணையாக, ஒரு தெரு தள்ளி மேற்கே ஓடுவதுதான் ஸ்டாக்டன். கீரைக்கட்டு, உயிர் மீன், தோளில் பையோடு பாட்டிகள், அவர்களுக்கு நடுவில் பேக்கரிகள்.

ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் காரை எடுக்க வேண்டாம், வண்டி நிறுத்தக் கொடுக்கிற பணத்தில் இன்னொரு பெட்டி பன் வாங்கலாம். பார்ட் ரயிலில் பவல் தெரு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நிலத்தடி வழியாகவே நடந்து போய் டி (T) ரயில் ஏறினால் அடுத்த நிலையமே சைனாடவுன்-ரோஸ் பாக். 2022 கடைசியில்தான் இந்தப் பாதை திறந்தது. மேலே ஏறி வந்தால் ஸ்டாக்டனும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கிற முனையில் நிற்பீர்கள்.

கிராண்ட் அவென்யூவைச் சும்மா ஒதுக்கவும் வேண்டாம். 1924-இல் தொடங்கிய ஈஸ்டர்ன் பேக்கரி அங்கேதான் இருக்கிறது, மூன் கேக்குக்குப் பேர் போன கடை. ஆனால் பன்னும் டிம் சம்மும் (ஆவியில் வேகவைத்தும் பொரித்தும் தருகிற சின்னச் சின்னச் சீனப் பலகாரங்கள்) ஒரே இடத்தில், மலிவாக, சூடாக வேண்டும் என்றால் ஸ்டாக்டன்தான். அங்கே குட் மாங் காக் என்ற கடையின் வரிசை பல நாள் நடைபாதைக்கே வந்துவிடும், உட்கார இடமெல்லாம் கிடையாது, பார்சல்தான். ரிச்மண்ட் பகுதியில் கிளெமென்ட் தெருவிலும் இதே மாதிரிக் கடைகள் உண்டு. வீடு அந்தப் பக்கம் என்றால் அங்கேயே போங்கள்.

படி 2: நேரமும் காசும்

காலை எட்டிலிருந்து பத்துக்குள் போங்கள். மதியம் மூன்று மணிக்குப் போய் நின்றால் மீந்ததைத்தான் வாங்க வேண்டியிருக்கும். சனி ஞாயிறு வரிசை நீளம், ஆனால் அதில் ஒரு லாபம்: சரக்கு வேகமாகக் காலியாவதால் எல்லாமே அப்போதுதான் இறக்கியதாக இருக்கும்.

பல கடைகளில் ரொக்கம் மட்டும்தான். இருபது டாலரை ஐந்தும் ஒன்றுமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பன் பெரும்பாலும் மூன்று டாலருக்குள் முடியும், டிம் சம் மூன்று மூன்றாகவோ நான்கு நான்காகவோ சேர்த்துத் தருவார்கள். இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட அந்த இருபதே தாராளம்.

படி 3: வரிசையில் நிற்கும்போதே பார்த்து வையுங்கள்

ஒரு பக்கம் கண்ணாடி அலமாரியில் சுட்ட பன் வகைகள், இன்னொரு பக்கம் ஆவி பறக்கிற தட்டுகளில் டிம் சம். இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

பன் பக்கத்தில் முதலில் வாங்க வேண்டியது சார் சியு பாவ். இனிப்பும் உப்புமான பன்றி வறுவலை உள்ளே வைத்தது. (இந்த பாவ் வேறு, நம் பாவ் பாஜி பாவ் வேறு. அது போர்ச்சுக்கீசியர்கள் கொண்டு வந்த சொல், இது சீனர்களின் சொந்தச் சொல்.) இதிலேயே இரண்டு வகை: மேலே பளபளவென்று பழுப்பாக இருந்தால் அடுப்பில் சுட்டது, வெள்ளை வெளேரென்று தலை வெடித்துச் சிரித்துக்கொண்டிருந்தால் ஆவியில் வேகவைத்தது. ஈஸ்ட்டோடு பேக்கிங் பவுடரும் சேர்ப்பதால் வேகும்போது மாவு சட்டென்று பொங்கி மேலே பிளந்துகொள்கிறது. பிளக்காமல் வழவழப்பாக இருக்கிற வெள்ளைப் பன்னில் பெரும்பாலும் தாமரை விதை விழுதோ சிவப்புப் பயறு விழுதோ இருக்கும். சில கடைகளில் அடையாளத்துக்காக மேலே ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார்கள்.

அடுத்தது பைனாப்பிள் பன். இதில் அன்னாசி துளியும் கிடையாது, முதல் தடவை தேடித் தேடிச் சாப்பிட்டு ஏமாந்தேன். சர்க்கரை, மாவு, கொழுப்பு சேர்த்து மேலே போடுகிற மொறுமொறு ஏடு சுடும்போது வெடித்து அன்னாசித் தோல் மாதிரி ஆகிறது, அதனால் அந்தப் பெயர். ஹாங்காங்கில் இதைச் செய்கிற முறையைப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். என் ஓட்டு இதற்கில்லை, காக்டெயில் பன்னுக்குத்தான். பெயரைப் பார்த்து மதுவோ என்று பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது தேங்காயும் சர்க்கரையும் வெண்ணெயும். விற்காமல் மீந்த பன்களை அரைத்துத் தேங்காயோடு கலந்து பூரணமாக்கியதில் பிறந்தது என்பது அங்கே சொல்லப்படும் கதை. சின்ன வயதில் அய்யங்கார் பேக்கரி தேங்காய் பன் சாப்பிட்டவர்களுக்கு முதல் கடியிலேயே பழகிய ருசி.

முட்டை டார்ட் (மாவுக் கிண்ணத்துக்குள் இனிப்பு முட்டைக் கலவையை ஊற்றிச் சுட்டது) இரண்டு வாங்குங்கள், ஒன்று போதாது. ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் ஆளுநர் கிறிஸ் பேட்டனே இதற்கு அடிமை. மேலே கரும்பழுப்புப் புள்ளிகளோடு இருந்தால் அது மக்காவ் வகை. மஞ்சளாக, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் ஹாங்காங் வகை. சூடாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது முக்கியம், ஆறினால் பாதி ருசி போய்விடும்.

டிம் சம் பக்கம் சுருக்கமாக: உள்ளிருக்கும் இறால் தெரிகிற மெல்லிய உறை என்றால் ஹார் காவ். மஞ்சள் உறை, வாய் திறந்திருந்தால் சியு மாய், அதில் பன்றியும் இறாலும். சியோங் ஃபன் என்பது அரிசி மாவைக் கரைத்து ஆவியில் தாளாக வார்த்துச் சுருட்டியது, இடியாப்பம் பிடிக்கிற யாருக்கும் பிடிக்கும். "டர்னிப் கேக்" என்று எழுதியிருப்பது உண்மையில் நம் வெள்ளை முள்ளங்கி: துருவி, அரிசி மாவோடு வேகவைத்து, துண்டு போட்டுப் பொரிப்பார்கள். எள் உருண்டை என்றால் நம் எள்ளுருண்டை இல்லை, ஒட்டரிசி மாவுக்குள் இனிப்பு விழுது வைத்து எள்ளில் புரட்டி எண்ணெயில் பொரித்தது. நம் சுசியத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். தாமரை இலைப் பொட்டலம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். உள்ளே ஒட்டரிசிச் சோறும் கோழியும். இலையைப் பிரித்து எறிந்துவிட வேண்டும், நான் ஓரத்தைக் கடித்துப் பார்த்திருக்கிறேன்.

படி 4: கேட்கிற முறை

உங்கள் முறை வந்ததும் எண்ணிக்கையை முதலில் சொல்லுங்கள், பெயர் அப்புறம். "டூ சார் சியு பாவ், பேக்ட்" (அடுப்பில் சுட்டது இரண்டு) என்றால் போதும். பெயர் வராவிட்டால் விரலால் காட்டுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முதலில் பன் எல்லாம், பிறகு டிம் சம் எல்லாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். மாற்றி மாற்றிச் சொன்னால் அவர் அங்கேயும் இங்கேயும் ஓட வேண்டும், அப்போதுதான் குரல் ஏறும்.

இங்கே பழைய கடைக்காரர்களில் பலர் பேசுவது கான்டனீஸ். குவாங்டாங் பகுதியிலிருந்து வந்தவர்களால் வளர்ந்த பேட்டை இது. "ம் கோய்" என்ற ஒரு சொல் போதும், கூப்பிடவும் நன்றி சொல்லவும் அதுவே. கை சைகையில் மட்டும் கவனம்: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினால் அவர்கள் கணக்கில் எட்டு. இரண்டு வேண்டும் என்றால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் காட்டுங்கள், இல்லையென்றால் எட்டு பன்னோடு வீட்டுக்கு வருவீர்கள்.

சில பேக்கரிகளில் தட்டும் இடுக்கியும் வாசலிலேயே இருக்கும், நாமே எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போக வேண்டும். எடுத்ததைத் திரும்ப வைக்காதீர்கள், கையால் அமுக்கிப் பார்க்கவே கூடாது.

படி 5: சைவம், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், பன்றி சாப்பிடாதவர்கள் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

ஒருமுறை சைவ நண்பன் ஒருவனை ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். பன்னின் மேலே பழுப்பு நிறத்தில் நூல் நூலாகத் தூவியிருந்ததைப் பார்த்து, "டேய், சோன்பப்டி போட்ட பன்னுடா" என்று அவனே ஆசையாக எடுத்தான். நானும் தலையாட்டினேன். பாதி தின்ற பிறகுதான் பக்கத்தில் நின்ற பெரியவர், "போர்க், போர்க்" என்று சிரித்தார். அது பன்றி இறைச்சியை வறுத்துப் பஞ்சாக்கிய ஃப்ளாஸ். நண்பன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, தப்பு என்மேல்தான், கேட்டிருக்க வேண்டும்.

அதனால்: இனிப்பு வகை என்றாலே சைவம் என்று நினைக்காதீர்கள். டார்ட் ஓட்டிலும் பல இனிப்பு அடைகளிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். சுட்ட பன்னின் பளபளப்பு பெரும்பாலும் முட்டைப் பூச்சு. முள்ளங்கிக் கேக்கில் காய்ந்த இறாலும் சீன சாசேஜும் ஒளிந்திருக்கும். கறி பஃப் வாங்கினால் உள்ளே மாட்டிறைச்சி இருக்க வாய்ப்பு அதிகம். "சிக் ஜாய்" என்றால் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். புத்த சமயத்தார் விரதத்துக்குச் சொல்கிற சொல் என்பதால் உடனே புரிந்துகொள்வார்கள். இறைச்சிக்கான சீன எழுத்தையும் அடையாளம் கண்டுகொள்ளலாம்: அடிப்பக்கம் திறந்த பெட்டிக்குள் ஒருவர்மேல் ஒருவராக இரண்டு ஆட்கள் நிற்பதுபோல இருக்கும். ஆனால் அந்த எழுத்து இல்லை என்பதால் இறைச்சி இல்லை என்று ஆகாது, சார் சியு என்று எழுதுவதிலேயே அது வராது. சந்தேகம் இருந்தால் கேளுங்கள், பதில் தெளிவாக வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

படி 6: சாப்பிடுவதும் வீட்டுக்குக் கொண்டுபோவதும்

ஆவிப் பன்னின் அடியில் ஒரு சதுரத் தாள் ஒட்டியிருக்கும், உரித்துவிட்டுச் சாப்பிடுங்கள். உட்கார இடம் தேடினால் செயின்ட் மேரிஸ் சதுக்கத்துக்கு நடந்து போகலாம், சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சன் யாட்-சென் சிலை இருக்கிற இடம். அவர் பார்த்துக்கொண்டிருக்க, மடியில் பெட்டியை வைத்து முட்டை டார்ட்டை முதலில் முடியுங்கள், அது காத்திருக்காது.

மிச்சத்தை இறைச்சி, இறால் உள்ளதென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். சுட்ட பன்னை டோஸ்டர் அவனில் மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். ஆவிப் பன், சியு மாய் இரண்டையும் மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும். இட்லிப் பாத்திரம் இருக்கிறதே, தட்டில் துணி போட்டு ஐந்தாறு நிமிடம், நடுவில் தொட்டால் சுட வேண்டும். இட்லிக் குழியில் சியு மாய் அளவெடுத்ததுபோல உட்காரும், ஹார் காவ் மட்டும் துணியில் ஒட்டிக்கொண்டு கிழியும், அதற்கு அடியில் ஒரு முட்டைக்கோஸ் இலை போடுங்கள்.