உறுப்பு மாற்றிய பிள்ளையும் வைரஸும்: வீட்டில் நடக்கும் தவறுகள்

1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை நடந்ததைத் தென்னாப்பிரிக்காவில் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த நோயாளி லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாளில் நிமோனியாவில் இறந்தார். புது உறுப்பை உடல் ஒதுக்கித் தள்ளாமலிருக்கக் கொடுக்கும் மருந்து, கிருமியை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்துத்தான் குறைக்கிறது. மருந்துகள் இன்று எவ்வளவோ மேம்பட்டாலும் இந்தச் சிக்கல் போகவில்லை. டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைக்குக் கல்லீரல் மாற்ற வேண்டுமென்றால் ஜோகன்னஸ்பர்க்கோ கேப்டவுனோ போக வேண்டும். அறுவை செய்த டாக்டர் அங்கே இருப்பார்; காய்ச்சல் இங்கே, நடுராத்திரியில் வரும். தவறுகள் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கின்றன.

முதல் தவறு, "இந்த மருந்தால்தானே சக்தி குறையுது, ரெண்டு நாள் நிறுத்திப் பார்ப்போம்" என்று பெரியவர்கள் முடிவெடுப்பது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் உறுப்பை உடல் ஒதுக்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸ் என்ற இந்த மருந்து அடக்கி வைத்திருப்பது டி செல்கள் என்ற, எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளணுக்களை. வைரஸ் தொற்று அவற்றை ஏற்கெனவே கிளறிவிட்டிருக்கும் நேரத்தில் மருந்தையும் நிறுத்தினால், அவை புது உறுப்பின் மீதே பாயலாம். சில வைரஸ்களுக்கு டாக்டர்களே மருந்தைக் குறைப்பார்கள் என்பது உண்மை. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, உறுப்பின் நிலையைப் பார்த்துக் குறைப்பார்கள். இன்னொன்று: வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து உடம்பில் ஏறாது என்று நினைப்போம். டாக்ரோலிமஸில் பல சமயம் நேர்மாறாக ரத்த அளவு கூடிவிடும். அதனால் வயிற்றுப்போக்கு என்றாலே உறுப்பு மாற்று அறுவை செய்த குழுவுக்குப் போன் போட வேண்டும்.

காய்ச்சல் இல்லை, பிள்ளை ஓடியாடுகிறது, ஆகவே வைரஸ் இல்லை என்று நம்புவதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு. எப்ஸ்டீன்-பார் வைரஸை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது எப்போதோ வந்து, பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களுக்குள் ஆயுள் முழுக்கத் தங்கியிருக்கும். டி செல்கள் அதைத் தலைதூக்க விடாது. சின்னப் பிள்ளை இந்த வைரஸைப் பார்த்தே இருக்காது. பெரியவர் ஒருவரின் கல்லீரலோடு அதுவும் உள்ளே வரலாம். டி செல்கள் மருந்தால் அடங்கிக் கிடக்கும் நேரத்தில்தான் பிள்ளையின் உடம்பு அதை முதன்முதலாகச் சந்திக்கிறது. தொற்றிய பி செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகினால் நிணநீர்ப் புற்றுநோய் வரை போகலாம். கழுத்தில் நெறி கட்டி வடியாமலிருப்பது, டான்சில் வீக்கம், புதிதாகக் குறட்டை விடுவது, எடை குறைவது, மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத சோர்வு, இவற்றில் எதையும் "வளர்ற பிள்ளைக்கு வர்றதுதான்" என்று விட்டுவிடக் கூடாது.

சில பிள்ளைகளுக்கு இந்த வைரஸ் மாதக்கணக்கில் ரத்தத்தில் அதிகமாகவே இருக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. இதயம், நுரையீரல் மாற்றிய அப்படிப்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தை ஆராய்ந்தபோது, இந்த வைரஸோடு போராட வேண்டிய சிடி8 என்ற வகை டி செல்கள் துடிப்பாக இருப்பதுபோல் தெரிந்தாலும் வேலைத்திறன் குறைந்திருந்தது. அவற்றின் மேற்பரப்பில் பிடி-1 என்ற புரதம் கூடியிருந்தது. நீண்ட நாள் போராடிச் சோர்ந்த செல்லுக்கு அது ஓர் அடையாளம். சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் லிம்போசைட் (டி, பி செல்கள் சேர்ந்த வெள்ளணு வகை) எண்ணிக்கை செல்களின் தொகையைச் சொல்லுமே தவிர, அவை வேலை செய்கின்றனவா என்று சொல்லாது. "எண்ணிக்கை நார்மல்" என்று அறிக்கையில் பார்த்ததும் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடுவது அதனால்தான் ஆபத்து.

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் அளவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். போன மாதம் 4,000, இந்த மாதம் 6,000 என்றால் பதற வேண்டாம். மூன்று மடங்குக்குக் குறைவான மாற்றம் பரிசோதனையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம். டர்பனில் ஒரு லேபில் வந்த எண்ணை ஜோகன்னஸ்பர்க் லேபின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். முழு ரத்தத்தில் பார்ப்பதும் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் செல்களில்லாத நீர்ப்பகுதியில்) பார்ப்பதும் வேறு வேறு. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில், ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மருந்து.

சிறுநீரகம் மாற்றிய பிள்ளைகளிடம் பிகே வைரஸ் இன்னும் சத்தமில்லாதது. காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் மட்டும் ரத்தத்தில் ஏறும். உறுப்பு நிராகரிப்பிலும் அது ஏறும். ஆனால் நிராகரிப்புக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், பிகே வைரஸுக்குக் குறைக்க வேண்டும். எது என்று பார்க்கப் பயாப்சி (உறுப்பிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) வேண்டும் என்று டாக்டர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மை விஷயத்தை மனம் நோகாமல் சொல்ல வேண்டும். வீட்டில் அம்மை போட்டால் மஞ்சளும், வேப்பிலைக்குப் பதில் சிரிங்கா இலையும் வைத்து மாரியம்மனை வேண்டுவது நம் முன்னோர் வழி. வேண்டுதல் தாராளமாக இருக்கட்டும். ஆனால் உறுப்பு மாற்றிய பிள்ளைக்குச் சின்னம்மை நுரையீரல், கல்லீரல் வரை இறங்கலாம். வீட்டிலோ வகுப்பிலோ யாருக்காவது சின்னம்மையோ மணல்வாரியோ வந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள். சின்னம்மைக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. 10 நாளைத் தாண்டினால் பயனில்லை.

பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை உறுப்பு மாற்றுக்கு முன்பே, குறைந்தது நான்கு வாரம் முன்னதாக முடித்துவிட வேண்டும். பிறகு பொதுவாகப் போடுவதில்லை. அதற்காக அண்ணன் தங்கைகளுக்கும் நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் போட்டுக்கொள்வதுதான் இந்தப் பிள்ளைக்குக் காப்பு. ஒரு விலக்கு உண்டு: வீட்டில் கைக்குழந்தை இருந்தால், வாயில் விடும் போலியோ சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி கேளுங்கள், ஏனென்றால் சொட்டு மருந்தின் வைரஸ் குழந்தையின் மலத்தில் வெளிவரும். குளிர்காலத்துக்கு முன் ஃப்ளூ ஊசி வீட்டில் எல்லாருக்கும்.

அப்புறம், பக்கத்து டாக்டரிடம் இருமலுக்குப் போகும்போது பிள்ளை என்ன மருந்தில் இருக்கிறது என்பதை எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் டாக்ரோலிமஸைத் தாறுமாறாக ஏற்றிவிடும், ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். உறுப்பு மாற்றுக் குழுவின் அவசர எண்ணையும் அதே தாளில் எழுதி, பள்ளிக்கூடத்திலும் பாட்டி வீட்டிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள்.