படகின் அடியில் ஏறிப்போன ஆன்டிஃபவுலிங் பெயிண்ட்டைச் சுரண்டி எடுக்கும் முறை

பாசி ஒட்டாமல் இருக்கப் படகின் அடியில் அடிப்பதுதான் ஆன்டிஃபவுலிங் பெயிண்ட். பழையது முழுவதையும் எடுத்தே ஆக வேண்டுமா என்று முதலில் பாருங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் பெயிண்ட்டைத் தண்ணீர் விட்டு லேசாகத் தேய்த்துவிட்டு, அதன் மேலேயே புதுப் பூச்சு கொடுக்கலாம். வருடக்கணக்கில் பூச்சின் மேல் பூச்சாக ஏறி, வறண்ட குளத்து மண் போல வெடித்து, நகத்தால் நெம்பினாலே சில்லு சில்லாக வருகிறதென்றால் வேறு வழியில்லை. அதன் மேல் எதை அடித்தாலும் அடியில் இருப்பதோடு சேர்ந்து அதுவும் உதிரும். பழைய பெயிண்ட் என்ன வகை என்று தெரியாவிட்டால் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் மென்மையான வகை. அதன் மேல் கடின வகையை அடிக்கக் கூடாது.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள்: இந்தத் தூசி விஷம். பாசியும் கொட்டலசும் (அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடல் உயிரி) ஒட்டாமல் இருக்கத்தான் இதில் செம்பு ஆக்சைடும் பூச்சிக்கொல்லிகளும் சேர்க்கப்படுகின்றன. பழைய படகென்றால் அடி அடுக்குகளில் டிபிடி எனப்படும் வெள்ளீயச் சேர்மமும் இருக்கலாம். அதற்கான சர்வதேசத் தடை 2008 செப்டம்பர் 17-ல்தான் அமலுக்கு வந்தது. அதனால் தூசி உறிஞ்சி இல்லாமல் உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்க்கவே வேண்டாம். சாதாரணத் துணி மாஸ்க் போதாது. நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி3 வகை வடிகட்டி பொருத்திய ரப்பர் மாஸ்க், பக்கமும் மூடிய கண்ணாடி, கையுறை, தலையோடு மூடும் ஓவரால் எல்லாம் வேண்டும். தரையில் கனமான தார்ப்பாய் விரித்து, ஓரங்களை மடக்கி உயர்த்துங்கள்.

படகைக் கரையேற்றிய அன்றே, ஈரம் காயும் முன் பிரஷர் வாஷரால் கழுவிவிடுங்கள். கொட்டலசு காய்ந்துவிட்டால் அதைப் பெயர்க்கவே ஒரு நாள் போய்விடும். கழுவும் தண்ணீரிலும் பெயிண்ட் இருக்கும், அது திரும்பக் கடலில் ஓடக் கூடாது. பிறகு நீர்க்கோட்டுக்கு மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஆழமானியின் சென்சார், உலோக அரிப்பைத் தடுக்கும் துத்தநாகக் கட்டிகள், ப்ரொப்பல்லர் தண்டு ஆகியவற்றையும் மூடிவிடுங்கள்.

ஃபைபர் படகுக்கு நாங்கள் முதலில் சொல்வது கைச் சுரண்டிதான். நேரம் பிடிக்கும், தோள் வலிக்கும். ஆனால் தூசி குறைவு, என்ன நடக்கிறதென்று கைக்குத் தெரியும். 5 முதல் 6 செ.மீ. அகல கார்பைடு பிளேடு உள்ள, தன் பக்கம் இழுக்கும் வகைச் சுரண்டி வாங்குங்கள். பிளேடின் இரண்டு முனைகளையும் அரம் வைத்து லேசாக உருட்டிவிட வேண்டும். கார்பைடில் சாதாரண அரம் ஏறாது, வைரத்தூள் அரம் தேவை. இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு ஜெல்கோட்டில் (ஃபைபரின் மேல் உள்ள வழவழப்பான வெளி அடுக்கு) விழுந்த நீளக் கீறல்களுக்கு ஃபில்லர் பூசிக்கொண்டு இருப்பார்கள்.

ஒரு கை பிடியில், மறு கை பிளேடின் தலைமேல். பிளேடு முழு அகலமும் பரப்பில் சமமாக உட்கார வேண்டும். 20, 30 செ.மீ. நீளத்துக்கு நேராக இழுங்கள். சரியாக வெட்டும்போது பெயிண்ட் சுருள் சுருளாகவோ சில்லுகளாகவோ வரும். பொடியாக வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, மாற்றுங்கள். மழுங்கியதை வைத்து அழுத்தினால்தான் வழுக்கிப் போய்க் குழி பறிக்கும். சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒவ்வொரு வருடப் பூச்சும் வரிவரியாகத் தெரியும். கடைசியில் சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் எபாக்சி பிரைமர். அது உறுதியாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஜெல்கோட்டைத் தொட்டதும் சத்தமே மாறும். கரகரப்பு போய்க் கீச்சென்று கேட்கும்.

சுரண்டி அசைக்க முடியாத தடிப்புக்குப் பெயிண்ட் ரிமூவர் இருக்கிறது. ஃபைபர் படகுக்கு என்றே டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்; மெத்திலீன் குளோரைடு உள்ளவை ஜெல்கோட்டையும் சேர்த்து அரிக்கும். இரண்டு உள்ளங்கை அளவு இடத்தில் பூசி, எத்தனை மணி நேரத்தில் எத்தனை அடுக்கு இளகுகிறதென்று பார்த்துக்கொண்டு பிறகு முழுவதும் பூசுங்கள். சாந்து அப்புவது போலக் கனமாக, நிழலில் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடவும். காய்ந்துவிட்டால் அது வேலை செய்யாது. எடுத்தபின் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவுங்கள். மிச்சம் ஒட்டியிருந்தால் புதுப் பூச்சு பிடிக்காது. ஹீட் கன் வேண்டாம்: புகையும் நச்சு, ஜெல்கோட்டும் வெந்துபோகும். கிரைண்டர் கூடவே கூடாது.

மீதமுள்ள திட்டுகளை 80-ம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள். தாங்குகால்களுக்கு அடியில் உள்ள இடங்களுக்காக யாரும் தாங்களாகவே காலை நகர்த்தக் கூடாது, படகு சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. யார்டு ஆட்களை அழைத்து, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

சில்லுகளையும் சேற்றையும் தினமும் அள்ளித் தடித்த பைகளில் கட்டி, அபாயக் கழிவாக ஒப்படைக்கவும். வெறும் ஜெல்கோட் தெரியும்போது கொப்புளம் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். குத்தினால் புளித்த வாடையோடு நீர் கசிந்தால் ஆஸ்மோசிஸ், அதாவது ஃபைபருக்குள் நீர் ஊறுவது, தொடங்கியிருக்கிறது. பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் அதைச் சரிசெய்து, அடிப்பகுதியை நன்றாக உலரவிட வேண்டும்.