பெங்களூரு பால்கனியில் நரிவால் ஆர்க்கிட்: முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு

அசாமில் சித்திரை பிறக்கும்போது வரும் ரொங்காலி பிஹுவுக்குப் பெண்கள் கொண்டையில் சூடும் பூ இது. அங்கே 'கொபௌ பூல்' என்பார்கள், அசாமின் மாநில மலரும் இதுதான். தாவரப் பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா. நமக்கு அருகில் குடகின் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களிலும் தொங்கும். வெள்ளையில் ஊதா கலந்த ரோஜாப் புள்ளிகள், ஒரே சரத்தில் நூறு பூக்கள் வரை.

மரத்தின் மேல் வளர்ந்தாலும் இது ஒட்டுண்ணி அல்ல. வேர் மரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் மரத்திலிருந்து எதையும் உறிஞ்சாது. மழையிலிருந்தும் பட்டையில் படியும் மட்கிலிருந்தும் உணவு எடுக்கும். ஆகவே மண் தொட்டியில் வைத்தால் வேருக்குக் காற்றில்லாமல் அழுகிவிடும். இங்கே பல செடிகள் இப்படித்தான் சாகின்றன.

1. செடி வாங்குதல்

மலைப்பாதை ஓரத்தில் வேர் அறுபட்டு, இலையில் பாசி படர்ந்து, கட்டுக்கட்டாக விற்பவை காட்டிலிருந்து பிய்த்தவை. வாங்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி போன்றது, சேமித்த உணவு இல்லாதது. காட்டில் குறிப்பிட்ட பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். பிய்த்த செடிக்குப் பதில் இன்னொன்று வர நெடுநாள் ஆகும். ஆய்வகத்தில் வளர்த்த செடியை நர்சரியில் கேட்டு வாங்குங்கள். ஒரே அளவில், சின்னத் தொட்டியில், வேர் முழுதாக இருக்கும். பூக்கும் வயதுச் செடியாகக் கேளுங்கள். கன்று என்றால் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

2. கட்டுதல்

ஜூன் மாதம் தோது. வேர் நுனி பச்சையாக ஓடும் காலம். 15 செ.மீ. மரக்கூடை ஒன்று, 3 முதல் 5 செ.மீ. அளவு அடுப்புக்கரித் துண்டுகள் ஏழெட்டு. பார்பிக்யூவுக்கு விற்கும் அச்சுக்கரி வேண்டாம். கரியை ஒரு நாள் நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். செத்துப்போன வேரை (அழுத்தினால் கூடாக நசுங்கும்) சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, செடியைக் கூடை நடுவில் நிறுத்தி, ஆடாதபடி பழைய காட்டன் துணிக் கிழிசலால் கட்டுங்கள். வேர் பிடிக்கும்வரை துணி தாங்கும், பிறகு தானே மக்கிவிடும். செம்புக் கம்பி கூடாது, அது வேருக்கு நஞ்சு. கூடையைக் கரியால் நிரப்பாதீர்கள், பாதிக்கு மேல் காலியாகவே இருக்கட்டும்.

வீட்டில் மாமரமோ பலாவோ இருந்தால் கூடையே வேண்டாம், நேராகக் கிளையில் கட்டலாம். கொய்யாவும் யூகலிப்டஸும் பட்டை உரிக்கும் மரங்கள், ஆகாது.

3. வெளிச்சம்

கிழக்குப் பால்கனி நல்லது. மேற்கென்றால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். இலை கரும்பச்சையானால் வெளிச்சம் போதவில்லை, பூக்காது. லேசான மஞ்சள் கலந்த பச்சையே சரி.

4. தண்ணீர்

இந்த ஊரில் தகராறே இங்கேதான். அபார்ட்மென்ட் தொட்டியில் போர்வெல்லும் டேங்கரும் கலந்து வரும். அந்த உப்பு வேரில் வெள்ளையாகப் படிந்து நுனியைக் கருக்கிவிடும். மழைநீர் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆர்.ஓ. வடிகட்டிய நீர். வேர் வெள்ளி நிறமாக இருந்தால் தாகம், பச்சையானால் குடித்துவிட்டது என்று பொருள். காலையில் ஊற்றுங்கள். இலைகளுக்கு நடுவே தேங்கும் நீர் இரவில் குருத்தை அழுகவைக்கும்.

டிசம்பர், ஜனவரியில் வாரம் இரண்டு தடவை போதும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காற்று காய்ந்துகிடக்கும், மொட்டுத் தண்டு வருவதும் ஏறக்குறைய அப்போதுதான். அந்த மாதங்களில் தினமும் நனைக்காவிட்டால் மொட்டு கருகி உதிரும். தண்டையும் வேரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: வேர் நுனி வழவழப்பாக உருண்டிருக்கும், தண்டில் சிறு செதில்கள் தெரியும்.

5. உரம்

19-19-19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது), லிட்டர் நீருக்கு 1 கிராம், பத்து நாளுக்கு ஒரு தடவை. முதலில் வெறும் நீரால் நனைத்துவிட்டுத் தெளியுங்கள். குளிர்காலத்தில் வேண்டாம்.

பூ இரண்டு, மூன்று வாரம் நிற்கும். வாடியதும் தண்டை அடியில் வெட்டுங்கள். கூடை மக்கினால் வேரைப் பிய்த்தெடுக்க வேண்டாம், பழைய கூடையோடு அப்படியே பெரிய கூடைக்குள் இறக்கிவிடுங்கள்.