காந்தம் கட்டிய லாரி: டீசல் மிச்சமாகிறதா என்று நாமே சோதிப்பது எப்படி

சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் பின்னிரவு மூன்று மணிக்குக் காய்கறி ஏற்றி, விடிவதற்குள் தேக்காவிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் இறக்குவது எங்கள் பிழைப்பு. 14 அடி லாரி ஒன்று. ஓட்டுவது என் கணவர், கணக்கு எழுதுவது நான். ஆகவே டீசல் என்றால் அவருக்குப் பம்ப், எனக்கு ரசீது.

சென்ற ஆண்டு ஒரு நாள் அவர் சிறு அட்டைப்பெட்டி ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே தீப்பெட்டி அளவில் இரண்டு காந்தத் துண்டுகள், கட்டுவதற்கு நான்கு நெகிழி வார்கள். விலை 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). டீசல் குழாயின் மேல் கட்டினால் 15 விழுக்காடு எரிபொருள் மிச்சமாகும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. எங்கள் லாரி ஆண்டுக்கு ஏறத்தாழ 4,400 லிட்டர் குடிக்கிறது. டீசல் தீர்வை (வரி) 2019இல் லிட்டருக்கு 20 காசாக உயர்ந்தது. தீர்வைக்கு மட்டுமே 880 வெள்ளி போகிறது. 15 விழுக்காடு என்றால் 660 லிட்டர். கேட்கும்போது எனக்கும் ஆசை வராமல் இல்லை.

முதல் வாரமே மைலேஜ் லிட்டருக்கு 7.8 கிலோமீட்டர் வந்தது. வழக்கமாக 7.2. காப்பிக்கடையில் இரண்டு நாள் இதே பேச்சு. பக்கத்து மேசைக்காரர் ஒருவர் தமக்கும் ஒன்று வாங்கித் தரச் சொல்லிவிட்டார். நான்தான் ரசீதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்: 602 கிலோமீட்டர், 77.2 லிட்டர். வழக்கப்படி பார்த்தால் 83 லிட்டருக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அந்த ஆறு லிட்டர் எங்கே போனது?

அடுத்த சனிக்கிழமை அவரோடு பெட்ரோல் நிலையத்துக்கு நானும் போனேன். டீசலை வேகமாக ஊற்றும்போது அது காற்றோடு கலந்து, பானையில் பொங்கும் பால்போல நுரைக்கும். குழல் முனையில் ஒரு சிறு துளை உண்டு. அது மூடிக்கொண்டால் பம்ப் ‘டக்’கென்று தானே நின்றுவிடும். துளையை மூடியது டீசலா நுரையா என்று அதற்குத் தெரியாது. முதல் ‘டக்’ கேட்டதும் நிறுத்தச் சொன்னேன். டாங்கியின் வாயில் பழுப்பு நுரை தளும்பி நின்றது. இரண்டு நிமிடம் காத்திருந்தோம். நுரை மெல்ல அமுங்கி, உள்ளே இருட்டு தெரிந்தது. மறுபடி மெதுவாக ஊற்றியபோது இன்னும் 3.8 லிட்டர் உள்ளே போனது.

விஷயம் புரிந்துவிட்டது. காந்தம் கட்டிய நாளில் விற்பனையாளரின் ஆள் பொறுமையாக நுரை அடங்கக் காத்திருந்து நிரப்பியிருக்கிறார். ஒரு வாரம் கழித்து என் கணவர் அவசரத்தில் முதல் ‘டக்’கோடு மூடிவிட்டார். ஆறு லிட்டரில் நான்கு லிட்டர் வெறும் நுரை. அதே ஆள் ‘இலவசமாக’ ஆறு டயர்களுக்கும் காற்று நிரப்பிக் கொடுத்தார் என்பதும் விசாரித்தபோது தெரிந்தது. இதோடு, புதுப்பொருள் வாங்கிய உற்சாகத்தில் அந்த வாரம் முழுக்க என் கணவர் முட்டைக்கூடை ஏற்றியதுபோல ஓட்டியிருக்கிறார். மீதி இரண்டு லிட்டரை டயரும் காலும் பங்கிட்டுக்கொண்டிருக்க வேண்டும். காந்தத்துக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

ஆனால் இதைச் சொன்னால் அவர் நம்ப வேண்டுமே. அதற்காகத்தான் முறையாக ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம். காந்தம் என்றில்லை, மாத்திரை, டப்பா, சுழலி என எதைக் கட்டிக்கொண்டு யார் வந்தாலும் வழி இதுதான்.

முதலில், எதையும் கட்டாமல் நான்கு வாரம் ஓட்டிக் கணக்கு எழுதுங்கள். இந்தப் பொறுமை இல்லாதவர்களை நம்பித்தான் அந்த வியாபாரமே நடக்கிறது. எங்கள் லாரியில் அந்த நான்கு வாரமும் 7.28, 7.03, 7.36, 7.03 என்று வந்தன. வண்டியில் எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் மோசமான வாரத்துக்கும் நல்ல வாரத்துக்கும் இடையே ஏறத்தாழ 5 விழுக்காடு வித்தியாசம். மழை, ஆயர் ராஜா விரைவுச்சாலை நெரிசல், வெங்காயமா கீரையா என்ற சுமை வேறுபாடு எல்லாம் சேர்ந்து தாமாகவே இவ்வளவு ஆட்டுகின்றன. 2018க்குப் பிந்தைய லாரி என்றால் இன்னொன்றும் உண்டு: புகைபோக்கியில் உள்ள வடிகட்டி சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வாரத்தில் டீசல் கூடுதலாகப் போகும். அதனால், ‘கட்டினேன், மறுவாரமே 5 விழுக்காடு ஏறியது’ என்று ஒருவர் சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்லவில்லை. கட்டாமல் இருந்திருந்தாலும் ஏறியிருக்கும்.

நிரப்புவதில் ஒழுங்கு வேண்டும். அதே நிலையம், அதே பம்ப், லாரி அதே திசை பார்த்து நிற்க வேண்டும். தரை சற்றுச் சாய்ந்தாலே டாங்கியின் கணக்கு மாறும். விடியற்காலையிலேயே நிரப்புங்கள். முதல் ‘டக்’, இரண்டு நிமிடம் காத்திருப்பு, மெதுவாக இரண்டாவது ‘டக்’, அதோடு நிறுத்தம். விளிம்புவரை திணிக்காதீர்கள், வெயிலில் டீசல் விரிந்து வழியும். டயர் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறும் முன் பாருங்கள். சோதனை முடியும்வரை டயரை மாற்றாதீர்கள்: தேய்ந்த டயரும் புது டயரும் ஒரே தூரத்தை வேறு வேறு கிலோமீட்டராகக் காட்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களையும், கரும்புக் கட்டு ஏற்றும் பொங்கல் வாரத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி முக்கியமானது. ஓட்டுபவருக்குக் காந்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவே கூடாது. தெரிந்தால் கால் தானாக மாறிவிடும், எவ்வளவு நேர்மையான ஆளானாலும். எங்கள் லாரியில் சுமை இறக்கும் தம்பியைக் கூட்டு சேர்த்துக்கொண்டேன். ஒரு குவளையில் 12 சீட்டுகள்; ஆறில் ‘காந்தம்’, ஆறில் ‘இரும்பு’. ஞாயிறுதோறும் அவன் ஒரு சீட்டை எடுத்து, அதன்படி காந்தத்தையோ அதே அளவு இரும்புத் துண்டுகளையோ டீசல் குழாயில் கட்டி, மேலே கறுப்பு நாடாவைத் தடிமனாகச் சுற்றிவிடுவான். எது என்று தன் நோட்டில் மட்டும் எழுதிக்கொள்வான், என்னிடமும் சொல்ல மாட்டான். என் கணவர் ஒருமுறை திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்ததைப் பார்த்தேன். ஒட்டிப் பார்க்கத்தான்! அன்று முதல் கருவிப்பெட்டியின் சாவி என் இடுப்பில்.

பன்னிரண்டு வாரம் கழித்து இரண்டு நோட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் விரித்தோம். காந்தம் இருந்த ஆறு வாரங்களில் 3,642 கிலோமீட்டர், 506.8 லிட்டர்: லிட்டருக்கு 7.19. இரும்பு இருந்த ஆறு வாரங்களில் 3,618 கிலோமீட்டர், 501.9 லிட்டர்: லிட்டருக்கு 7.21. வாரச் சராசரிகளைக் கூட்டி ஆறால் வகுக்காதீர்கள். மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுப்பதுதான் சரி. தனித்தனி வாரத்தில் மிக நல்லது 7.41. அது இரும்பு கட்டிய வாரம். “அப்படியானால் இரும்பை விற்கலாமே” என்றான் தம்பி. இரண்டு எண்ணும் ஒன்றே என்றுதான் இதற்குப் பொருள். இரும்பும் எதையும் சாதிக்கவில்லை.

ஏன் இப்படி என்பதில் மர்மம் எதுவும் இல்லை. காந்தம் டீசலின் மூலக்கூறுகளை வரிசைப்படுத்தி முழுதாக எரிய வைக்கும் என்கிறார்கள். வரிசைப்படுத்தியது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அடுத்ததாக அந்த டீசல் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 1,000 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் மயிரிழைத் துளை வழியாகப் பீய்ச்சப்படுகிறது. எந்த வரிசை அதில் நிற்கும்? மேலும், நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சினில் எரியாமல் வெளியேறுவது 2 விழுக்காடுகூட இல்லை. இல்லாத 15 விழுக்காட்டை எங்கிருந்து மீட்பது? டீசலின் ஆற்றலில் பெரும்பகுதி வீணாவது உண்மைதான், ஆனால் அது எரிந்த பிறகு, சூடாகப் புகையிலும் ரேடியேட்டரிலும் போகிறது. குழாய்க்கு வெளியே கட்டும் எதுவும் அதைத் தொடாது.

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் கொடுக்கும் டப்பா இதைவிட வேடிக்கை. பிரிக்க வேண்டிய மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சினைச் சுற்றுவது அதே டீசல். கொடுப்பது பத்து, திரும்புவது ஒன்றோ இரண்டோ. தண்ணீரும் எரிபொருளும் சேர்ந்தால் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் எப்போதும் உண்டு. 1996இல் தமிழ்நாட்டில், தண்ணீரில் மூலிகையைக் கொதிக்க வைத்தே பெட்ரோல் எடுக்கலாம் என்ற மூலிகைப் பெட்ரோல் செய்தி வந்தபோது என் அப்பா பத்திரிகையைக் கத்தரித்துப் பெட்டியில் வைத்திருந்தார். விஞ்ஞானிகள் சோதித்தபோது மூலிகையிலிருந்து பெட்ரோல் வரவில்லை. அப்பா மட்டும் அந்தத் துண்டைக் கடைசிவரை வீசவில்லை.

காற்றுக் குழாயில் செருகும் சுழலி, டர்போ உள்ள எஞ்சினில் காற்றின் வழியை அடைப்பதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் விளக்கு டப்பாவை நான் திறந்தே பார்த்துவிட்டேன்: ஒரு விளக்கு, இரண்டு மூன்று சில்லறை உறுப்புகள். டாங்கியில் போடும் மாத்திரைகளில் உலோகச் சேர்மம் இருந்தால் அதன் சாம்பல் புகை வடிகட்டியில் படியும்; அதை மாற்ற ஒர்க்‌ஷாப் சொல்லும் தொகையைக் கேட்டால் மாத்திரை கசக்கும். குழாயை வெட்டியோ மின்கம்பியைப் பிரித்தோ பொருத்த வேண்டிய எதுவானாலும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டுமா, வண்டியின் உத்தரவாதம் நிலைக்குமா என்று கேட்காமல் கை வைக்காதீர்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகளை 100க்கும் மேல் ஆராய்ந்திருக்கிறது. மிகச் சிலவே பெயருக்குக் கொஞ்சம் மிச்சம் காட்டின. சில எஞ்சினைக் கெடுத்தன அல்லது புகையைக் கூட்டின. அதே முகமை நெடுந்தூர லாரிகளுக்குச் சில பொருள்களைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டும் இருக்கிறது: டிரெய்லரின் பக்கவாட்டுத் தகடுகள், உருளும் தடை குறைந்த டயர்கள். இவை உண்மையிலேயே வேலை செய்பவை. ஆனால் அங்கே லாரிகள் மணிக்கு 100 கிலோமீட்டரில் நாள் முழுக்க ஓடுகின்றன. எங்கள் லாரிக்கு விரைவுச்சாலையிலும் 60தான் எல்லை. 100இல் இருக்கும் காற்றுத் தடையில் 60இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான் மிஞ்சும். தகடு மாட்டிக்கொண்டு தேக்காவின் பஃப்ளோ சாலைக்குள் ஊர்ந்து என்ன பயன்?

எங்களுக்கு உண்மையில் மிச்சம் கொடுத்தவை காசு கேட்காதவை. டயர் காற்று. சரக்குக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினை அணைப்பது. அணைக்காவிட்டால் இங்கே அபராதமும் உண்டு. லாரியில் நிரந்தரமாகக் குடியிருந்த உடைந்த பலகைகள், காலிக் கூடைகள், ஒரு பழைய பளுத்தூக்கி எல்லாவற்றையும் இறக்கியது. பிறகு அந்த ‘முட்டைக்கூடை’ ஓட்டம். காந்தம் கட்டிய முதல் வாரத்தில் அவர் ஓட்டிய அதே விதத்தில் ஓட்டச் சொன்னேன், காந்தமே இல்லாமல். இப்போது மூன்று மாதச் சராசரி 7.5.

நோட்டையும் எடுத்துக்கொண்டு விற்பனையாளரிடம் போனோம். அவர் பக்கம் பக்கமாகப் பொறுமையாகப் புரட்டினார். பிறகு, “உங்கள் லாரி பெரியது அக்கா, இதற்கு ஒரு ஜோடி போதாது, இரண்டு ஜோடி கட்ட வேண்டும்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த என் கணவர் கேட்டார்: “இரண்டாவது ஜோடிக்குத் தள்ளுபடி உண்டா?”