குழந்தைகளோடு எராவான் அருவி: நாலாவது அடுக்கு வரை போனால் போதும்

தாய்லாந்து போகிற நம்மூர்க் குடும்பங்கள் பாங்காக், பட்டாயா, ஷாப்பிங் என்றே நாட்களைத் தீர்த்துவிட்டுத் திரும்புவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பாங்காக்கிலிருந்து மேற்கே 130 கிலோமீட்டரில் காஞ்சனபுரி, அங்கிருந்து இன்னும் 65 கிலோமீட்டர் போனால் எராவான் தேசியப் பூங்கா. காட்டுக்குள் ஏழு அடுக்காக இறங்கி வருகிற அருவி, அடுக்குக்கு அடுக்கு பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் குளங்கள். அடியிலிருந்து உச்சி வரை மொத்தமே 2 கிலோமீட்டருக்குள்தான்.

பாங்காக்கிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியும், ஆனால் குழந்தைகளை வைத்துக்கொண்டு வேண்டாம். முதல் நாளே காஞ்சனபுரி போய்த் தங்கிவிடுங்கள். சாயங்காலம் குவாய் ஆற்று ரயில் பாலத்தைப் பார்க்கலாம். 1942-43இல் ஜப்பான் ராணுவம் போட்ட அந்த ரயில் பாதையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டுபோனார்கள், பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் வராதீர்கள்.

மறுநாள் காலை 8 மணிக்குப் பூங்கா திறக்கும்போது வாசலில் இருக்க வேண்டும். காஞ்சனபுரியிலிருந்து பேருந்து உண்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலைந்து பேர் என்றாலோ, திறக்கும்போதே சேர வேண்டும் என்றாலோ வாடகை வண்டிதான் வசதி. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 300 பாத், குழந்தைகளுக்கு 200. பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வர ஆரம்பித்துவிடும், சனி ஞாயிறில் உள்ளூர்க் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், அதற்கு முன்னால் கிடைக்கிற அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு அவசரம். நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல மாதங்கள். பலத்த மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கிவிடும், சில சமயம் உள்ளே விடவும் மாட்டார்கள்.

நான் சொல்கிற வழி இதுதான். ஈரமில்லாமல் நேராக நாலாவது அடுக்குக்கு ஏறுங்கள், அங்கே ஆரம்பித்துக் குளித்துக்கொண்டே கீழே இறங்குங்கள். எல்லோரும் முதல் குளத்தைப் பார்த்ததும் குதித்துவிடுகிறார்கள், அப்புறம் நனைந்த துணியோடு படியேறும்போது பிள்ளைகள் சிணுங்க ஆரம்பிக்கிறார்கள். இரண்டாவது அடுக்கு வரை பாதை சுலபம், தாத்தா பாட்டி கூட மெதுவாக வந்துவிடலாம். அதற்குமேல் படிகள், வேர்கள், மரப்பாலங்கள். ஐந்துக்கு மேலே சரிவு கூடிக்கொண்டே போகும், ஏழாவதுக்கு முன்னால் செங்குத்தான படிகள் வேறு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஒரு பெரியவர் கூட்டிப்போகட்டும், ஆனால் காலையிலேயே. மேல் அடுக்குகளைப் பிற்பகல் மூன்று மணி வாக்கிலிருந்து மூட ஆரம்பிக்கிறார்கள்.

நாலாவது அடுக்கில் வழவழவென்று உருண்ட பெரிய பாறைகள், அதில் உட்கார்ந்து சறுக்கிக் குளத்தில் விழலாம், பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடு. கீழே ஆழம் இருக்கிறது என்பதால் முதலில் பெரியவர் ஒருவர் இறங்கிக் காத்திருக்கட்டும். தண்ணீரில் இறங்க லைஃப் ஜாக்கெட் கட்டாயம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

குளங்களில் மீன்கள் உண்டு, சில முழங்கை நீளம் இருக்கும். காலை அசைக்காமல் நின்றால் வந்து கொத்தும். கடியில்லை, சும்மா குறுகுறுப்புதான். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் சின்னக் குழந்தைகள் அலறிவிடும், சொல்லிவிட்டால் அதுவே பெரிய விளையாட்டு.

தண்ணீர் சுண்ணாம்புக்கல் மலையிலிருந்து வருவதால் விழுந்து கிடக்கிற சுள்ளி, இலை எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு படிந்து கல்லாகிக்கொண்டே இருக்கும். அந்தக் குளங்களுக்குக் கரை கட்டுவதும் இதே படிவுதான். தண்ணீர் வேகமாக ஓடுகிற இடத்தில் அந்தக் கல் பெரும்பாலும் சொரசொரவென்று காலைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் பாசி பிடித்துத் தேங்கிய இடம்தான் அதிகம் வழுக்கும். பெல்ட் வைத்த ரப்பர் செருப்பு போடுங்கள், ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். பெண்கள் சுடிதாரோடு இறங்கினால் துணி கனத்துப்போகும், லெகிங்ஸும் டி-ஷர்ட்டும் போதும், துப்பட்டாவை அறையிலேயே விட்டுவிடுங்கள். தயவுசெய்து சோப்பு, ஷாம்பு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது நம் வீட்டுக் குளியலறை இல்லை.

சாப்பாட்டைக் கீழேயே முடித்துவிடுங்கள், இரண்டாவது அடுக்குக்கு மேல் உணவு கொண்டுபோக விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு 20 பாத் முன்பணம் வாங்கிக்கொள்வார்கள், காலி பாட்டிலைக் காட்டினால் திருப்பித் தருவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது, நம்மூர் அருவிகளிலும் வர வேண்டும். அப்புறம் குரங்குகள். கரையில் பையைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் பிஸ்கட்டோடு பையும் போகும். ஒருவர் மாற்றி ஒருவர் காவல் இருப்பதுதான் வழி.

வண்டி நிறுத்துமிடம் பக்கத்திலேயே கடைகள் இருக்கின்றன. சைவம் என்றால் 'ஜே' என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் பப்பாளிக்காய் சாலட்டில் கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போவது இன்னும் நிம்மதி. பேருந்தில் வந்தவர்கள் திரும்புகிற கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தவறவிட்டால் அங்கிருந்து வண்டி கிடைப்பது கஷ்டம்.